வாய் கோணி மூன்றாவது நாள், பழையபடி வருமா?

ஆத்தூர் வாசகி, 09.06.2023, இரவு 9.10

அம்மாவுக்கு 58 வயது. முந்தாநாள் காலை காபி குடிக்கும்போது இடது கடைவாயில் ஒழுகியது. பார்த்தால் வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, இடது கண் மூடவில்லை. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. முனி அடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பச்சிலை கட்டும் ஒருவரிடம் நாளை மறுநாள் கூட்டிப் போகலாம் என்கிறார் பெரியப்பா. தானாகவே சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். உங்களில் யாருக்காவது வந்திருக்கிறதா? பழையபடி வருமா?

பட்டறைக்காரர், சிவதாபுரம், சேலம், 09.06.2023, இரவு 9.35

நாளை மறுநாள் வேண்டாம். இன்றைக்கு இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு வந்தது, அதனால் சொல்கிறேன்.

அம்மாவை இரண்டு புருவத்தையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணியிருந்தால் அது மூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். முகத்தின் மேல் பகுதிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது, அதனால் ஒரு பாதி அடிபட்டாலும் நெற்றி தப்பித்துக்கொள்ளும். அப்படி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். இடது நெற்றியும் வழவழவென்று அசையாமல் இருந்தால் முக நரம்பில் கோளாறு, பெல்ஸ் பால்ஸி என்பார்கள். எது என்று முடிவு செய்ய வேண்டியது டாக்டர்தான். எதுவானாலும் இன்றிரவே போக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். முந்தாநாள் காலை ஏழு மணி என்றால் உங்களுக்கு நாளைக் காலை ஏழு வரைதான் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். காதுக்குள்ளோ காது மடலிலோ கொப்புளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அது அக்கியை உண்டாக்கும் வைரஸ், அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இடது கண்ணை விரலால் மெல்ல மூடிவிட்டு அழைத்துப் போங்கள்.

பட்டறைக்காரர், 10.06.2023, காலை 6.20

தூக்கம் வரவில்லை, என் கதையை எழுதிவிடுகிறேன்.

2019 நவம்பர். மனைவியின் சித்தி வீடு ஏற்காட்டில். ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு மறுநாள் விடியற்காலையில் பைக்கில் இறங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் பனி, ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி இல்லை. அன்று சாயங்காலம் வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி. குளிர்தான் என்று விக்ஸ் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் பட்டறையில் உட்கார்ந்து ஊதுகுழலை வாயில் வைத்தால் காற்று குழலுக்குள் போகவில்லை. வலது உதட்டோரம் புஸ்ஸென்று வெளியே போகிறது. நான் வெள்ளிக் கொலுசுக்குப் பற்ற வைக்கிறவன், குழலால் தீயை ஊதிக் கண்ணிகளை ஒட்டுகிற வேலை. 17 வயதில் அப்பாவிடம் ஊதப் பழகியவன். கன்னத்தை உப்பி அதில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்தபடியே விடாமல் ஊதுவோம். அந்தக் கன்னம் செத்த தோல் மாதிரி தொங்கியது. குழல் ஓட்டையாகிவிட்டதோ என்று முதலில் குழலை மாற்றினேன். முகத்தைப் பார்த்துச் சொன்னது பக்கத்தில் இருந்த பையன்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு விஷயங்கள். ஒன்று, வலது காதில் சத்தம் தாங்க முடியவில்லை. பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் தட்டினால் மண்டைக்குள் தட்டுவது போல் இருந்தது. காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய தசை ஒன்று பெரிய சத்தத்தை அடக்கி வைக்குமாம், அதற்கும் இதே நரம்புதான். இரண்டு, நாக்கின் முன்பக்கம் பாதிக்குச் சுவை போய்விட்டது. தட்டுவடை செட்டை வாங்கி வாயில் போட்டால் இடது பக்கம் காரச்சட்னி, வலது பக்கம் காகிதம். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சோறு தங்கிவிடும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

வீட்டில் என்ன செய்தார்கள்? மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒருவர் காதில் எண்ணெய் விட்டார், இன்னொருவர் தாடையைப் பிடித்து இழுத்து உருவினார். ஐந்து நாள் அதில் போயிற்று. ஆறாவது நாள்தான் டாக்டரைப் பார்த்தேன். மெல்ல மெல்லச் சரியாகி, இப்போது முழுதாகக் குணம்.

பட்டறைக்காரர், 10.06.2023, பிற்பகல் 2.05

இரவே போய் மாத்திரை ஆரம்பித்துவிட்டீர்கள் என்று படித்ததும்தான் காலைச் சோறு இறங்கியது. இனிச் சர்க்கரையைத் தினமும் பாருங்கள், ஸ்டீராய்டு ஏற்றிவிடும். எனக்கு 300-ஐத் தாண்டியது.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 72 மணி நேரம் என்பதைக் கதவடைப்பு மாதிரி எழுதிவிட்டேன். இதைப் பின்னால் யாராவது நான்காம் நாளில் படித்துவிட்டு, போய் என்ன பயன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. நான்காம் நாளானாலும் போங்கள். கண்ணைக் காப்பாற்றவும், இது வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யவும் டாக்டர் வேண்டும்.

பட்டறைக்காரர், 12.06.2023

குளிர்காற்று பட்டால் வருமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் நானும் மலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஏற்காட்டுக்குப் பைக்கில் போனதே இல்லை, பேருந்தில்கூட ஜன்னலோரம் உட்கார மாட்டேன். மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள் எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டேன்.

அவள் சொன்னது இது. முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் ஏழாவது நரம்பு. காதுக்குப் பக்கத்தில் எலும்புக்குள் சுமார் மூன்று சென்டிமீட்டர் சந்து வழியாக வருகிறது. அந்தச் சந்தின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எலும்பு விரியாது. நரம்பு வீங்கினால் அங்கே தானே நசுங்கிக்கொள்கிறது. வீக்கம் ஏன் என்றால், உதட்டில் காய்ச்சல் கொப்புளம் போடும் அதே வகை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து கிளம்புவதுதான் என்று பலரும் கருதுகிறார்கள், இன்னும் முடிந்த முடிவு இல்லை. அன்று எனக்குக் காதுக்குப் பின்னால் வலித்தபோதே நோய் தொடங்கிவிட்டது. பனி இல்லாவிட்டாலும் வந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன்.

இந்த நரம்பை 1821-இல் விளக்கியவர் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், பெயர் அவருடையது. அவருக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் வருடம் முன்பே பாரசீகத்தில் அல் ராஸி என்ற மருத்துவர் முகவாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். முனியும் காற்றும் எல்லா ஊரிலும் பழி சுமந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

தானாகச் சரியாகும் என்பதும் முழுப் பொய் இல்லை. மருந்தே இல்லாமல் பத்தில் ஏழு பேருக்கு முழுதாகச் சரியாகிறது. அதனால்தான் கயிறு கட்டியவருக்கும் எண்ணெய் விட்டவருக்கும் கைராசிப் பெயர். மீதி மூன்று பேர் அவர்களிடம் திரும்பிப் போவதில்லை, நானும் போகவில்லை. 2007-இல் ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பிரெட்னிசலோன் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94.4 சதவீதம் பேருக்குக் குணம், அது எடுக்காதவர்களில் 81.6 சதவீதம். இடையில் இருக்கும் நூற்றுக்கு அந்த 13 பேரில் நான் ஒருவனாக இருந்திருக்கலாமோ என்று அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

பட்டறைக்காரர், 18.06.2023

பயிற்சி பற்றி. பொறுமையாகப் படியுங்கள், நான் தப்பாகச் செய்த இடம் இது.

எனக்கு முதல் அசைவு வர மூன்று மாதம் ஆயிற்று, 2020 பிப்ரவரி. மூன்று வாரத்துக்குள் அசையத் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் குறையில்லாமல் திரும்பும். தாமதமாகத் தொடங்கினால் ஏதாவது மிச்சம் வைக்கும். எனக்கு அது தெரியாது. அசைவு வந்த சந்தோஷத்தில் வெறி பிடித்த மாதிரி பயிற்சி செய்தேன். ஓர் இடத்தில் பதினைந்து நாள் கரண்ட் வைத்தார்கள், கன்னம் துள்ளும்போது உயிர் வந்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் ஊரடங்கு. பட்டறை மூடியது. வீட்டில் நாளைக்கு நூறு தடவை பலூன் ஊதினேன், சூயிங்கம் மென்றேன், பல்லைக் கடித்து முகத்தை இறுக்கி இறுக்கி விட்டேன். நம் வேலையில் கை எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு படியும், முகமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

முகம் அப்படி இல்லை. நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. அடிபட்ட ஆயிரக்கணக்கான இழைகள் திரும்ப முளைக்கும்போது வழி மாறிவிடும். கொலுசு அறுந்து கண்ணிகள் கலந்துபோய், அவசரத்தில் எதையோ எதனோடோ பற்ற வைத்தால் எப்படி இருக்கும்? உதட்டுக்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விடுகிறது. அப்போது முழு முகத்தையும் பலமாக இறுக்கிப் பழகினால் அந்தத் தப்பான இணைப்பைத்தான் உரமேற்றுகிறோம். கண்ணும் வாயும் சேர்ந்தே அசைவது பழக்கமாகிவிடும்.

2021-இல் ஒரு பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்ததுதான் சரியான முறை. கண்ணாடி முன்னால் உட்கார வேண்டும். உதட்டோரத்தை ஒரு நெல் அளவு மட்டும் நகர்த்த வேண்டும், மெதுவாக. கண் சுருங்கத் தொடங்கிய உடனே நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் போதும், களைப்பதற்குள் எழுந்துவிட வேண்டும். நல்ல பக்கத்தையும் அடக்கப் பழக வேண்டும், அது இரண்டு பக்க வேலையையும் சேர்த்துச் செய்து வாயை இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

கரண்ட் வைத்தது எனக்கு நன்மை செய்ததா கெடுதல் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்த 2011 காக்ரேன் அறிக்கையில் அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆளுக்கேற்ற முகப் பயிற்சி பலன் தரலாம் என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காசை மகளின் பீஸுக்குக் கட்டியிருப்பேன்.

பட்டறைக்காரர், 21.06.2023

கண்ணைப் பற்றிக் கேட்டவருக்கு: பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, இரவில் களிம்பு. இமையை விரலால் கீழே இழுத்து மூடி, மேலே மருந்துக்கடை ஒட்டுப்பட்டை. இமை திறந்திருக்கும்போது மேலே பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள், கருவிழியில் உரசிப் புண்ணாகும். பைக்கில் போகும்போது கண்ணாடி. சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டர். வாய் கோணல் காத்திருக்கும், கருவிழி காத்திருக்காது.

பட்டறைக்காரர், 02.07.2023

ஓமலூர்த் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய அண்ணனுக்குக் காதுக்கு உள்ளே மூளையோரம் கட்டி, ஆபரேஷனில் முக நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. 13 மாதம் ஆகிறது. இரண்டு வருடம் காத்திருந்து பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

தம்பி, உங்கள் அண்ணனுடையது என்னுடையது போன்றதில்லை. என்னுடையது நசுங்கிய நரம்பு, அவருடையது அறுந்த நரம்பு. அறுந்தது காத்திருந்தால் வராது. நரம்பு வராத தசை சும்மா இருக்காது, மெலிந்து, நார் பாய்ந்து, ஏறத்தாழ ஒன்றரை இரண்டு வருடத்தில் எந்த நரம்பைக் கொண்டுவந்து சேர்த்தாலும் எழுந்திருக்காத நிலைக்குப் போய்விடும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். இந்த வாரமே நுண் அறுவை சிகிச்சை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். கோவை, வேலூர், சென்னை எங்கேயாவது.

எனக்கு ஊசி போட்ட டாக்டரிடம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டது இவ்வளவு. தசை உயிரோடு இருக்கும்போது பக்கத்து நரம்பிலிருந்து கிளை வாங்கலாம். கடிக்கும் தசைக்குப் போகும் நரம்பின் ஒரு கிளையை எடுத்துச் சிரிப்புத் தசையின் நரம்போடு சேர்ப்பார்கள். அசைவு சீக்கிரம் வரும், பலமாகவும் வரும். ஆனால் ஆரம்பத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். நாளாக நாளாகச் சிலருக்கு மூளை பழகிக்கொண்டு கடிக்காமலே வருகிறது. இன்னொன்று, காலின் பின்பக்கத்திலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து, நல்ல பக்க முக நரம்பிலிருந்து மேல் உதடு வழியாக மறுபக்கம் கொண்டுபோவது. நரம்பை எடுத்த பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், நடைக்குக் குறைவில்லை. இதில் நல்ல பக்கம் சிரித்தால் கெட்ட பக்கமும் தானாகச் சிரிக்கும், ஆனால் நரம்பு குறுக்கே வளர்ந்து சேர மாதக்கணக்கு ஆகும்.

கண்ணுக்கு மேல் இமைக்குள் சின்னத் தங்க எடை வைப்பார்கள், நெற்றித் தசை தளர்ந்தால் அதன் கனத்தில் இமை இறங்கும். ஒரு கிராமைச் சுற்றித்தான். நகைத் தொழில்காரனான எனக்கே தங்கத்துக்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாது. பிளாட்டினத்திலும் செய்கிறார்கள்.

பட்டறைக்காரர், 03.07.2023

இரண்டு திருத்தம். இமையை ஏற்றிப் பிடிப்பது நெற்றித் தசை என்று எழுதியது தப்பு, இமையைத் தூக்கத் தனித் தசை இருக்கிறது, அதற்கு வேறு நரம்பு. அது நல்ல நிலையில் இருப்பதால்தான் கண் திறந்தே நிற்கிறது. அது தளரும்போது எடை இமையை இறக்குகிறது. மகள் படித்துவிட்டுக் காலையிலேயே திட்டினாள்.

இரண்டாவது, இரண்டு வருடம் தாண்டியவர்கள் என் எழுத்தைப் படித்து மனம் உடையக் கூடாது. முகத் தசை போய்விட்டால் தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு தசைத் துண்டை, அதன் ரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்தில் வைக்கிறார்கள். 1976-இல் ஜப்பானில் ஹாரி என்பவர் செய்து காட்டியது. குறுக்கு நரம்பு முதலில், ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத் தசை என்று இரண்டு கட்டமாகவும் செய்வதுண்டு. பிறவியிலேயே முகம் அசையாத மோபியஸ் குழந்தைகளுக்கும் இந்தத் தொடைத் தசைதான் வைக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் நரம்பு இல்லை என்பதால் கடி நரம்போடு சேர்ப்பார்கள். ஒரு குழந்தை ஏழெட்டு வயதில் முதன்முதலாகச் சிரிப்பதை அதன் அம்மா பார்க்கும் நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

பட்டறைக்காரர், 30.07.2023

ஆடி. கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தேன், ஊரே அங்கேதான். ஆர்டர் வேலை நெருக்குகிறது, அதனால்தான் எழுதவில்லை.

இன்னும் குழலா ஊதுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கேஸ் டார்ச் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பனங்காடு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கமெல்லாம் பையன்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். நுண்ணிய வேலைக்கு நான் இன்னமும் குழல்தான். வெங்காரத்தோடு பற்ற வைக்கும் பொடியை வைத்து, தீ நாக்கை ஊசி மாதிரி குவித்து ஊத வேண்டும். பொடி வைத்து ஊதுவது என்று ஊரில் பேச்சுக்குச் சொல்கிறார்களே, அது எங்கள் வேலை. வெள்ளி சிவந்து வரும், பொடி பளிச்சென்று மின்னி ஓடும். அந்த ஒரு நொடியில் தீயை எடுக்காவிட்டால் கண்ணியே உருகிவிடும்.

கன்னத்தில் இருக்கும் அந்த ஊதும் தசைக்கு லத்தீனில் எக்காளம் ஊதுகிறவன் என்று பெயராம். மகள் சொன்னதும் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் கன்னம் எப்போதும் கொஞ்சம் தளர்ந்து பை போல இருக்கும். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன், வேலை தந்த கன்னம் அது.

பட்டறைக்காரர், 16.09.2023

ஜூன் 10 அன்று முழுதாகக் குணம் என்று எழுதினேன். மனைவி நேற்றுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டாள். பதில் இல்லை.

உண்மை இது. ஊதுவதற்கு உதட்டைக் குவித்தால் என் வலது கண் மூடிக்கொள்கிறது. பொடி மின்னி ஓடும் அந்த நொடியிலேயே மூடுகிறது. இடது கண்ணால் பார்த்துப் பழகிவிட்டேன், அதற்குள் எத்தனையோ கண்ணிகள் உருகின. சாப்பிடும்போது வலது கண்ணில் நீர் வடிகிறது. கல்யாணப் பந்தியில் ஒரு அம்மா ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார்கள். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது. ஒரு கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு சிரித்தேன், கண் அடிக்கிறான் என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஊரடங்கு முடிந்தும் இரண்டு வருடம் நான் முகக்கவசத்தைக் கழற்றாததற்குக் காரணம் கொரோனா இல்லை.

2022-இல் கோவையில் கண்ணைச் சுற்றி போட்டாக்ஸ் ஊசி போட்டார்கள். அழகுக்குப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். தப்பாக இழுக்கும் தசையை அது சில மாதம் தூங்க வைக்கிறது. முதல் பத்து நாளில் கண் திறந்தபடியே குழல் ஊதினேன். மூன்று நான்கு மாதத்தில் பலன் போய்விடும், திரும்பப் போட வேண்டும். செலவுக்குப் பயந்து நான் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டேன். அந்த மாதங்களில் கண்ணாடிப் பயிற்சியை விடாமல் செய்ததால் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால்தான் ஆத்தூர் அம்மாவுக்குத் தைரியம் வரும் என்று அன்றிரவு தோன்றியது. ஆனால் அந்த ஐந்து நாளின் விலையைச் சொல்லாமல் அவசரப்படுங்கள் என்று மட்டும் சொல்லி என்ன பயன்?

ஆத்தூர் வாசகி, 17.09.2023

நீங்கள் பொய் சொல்லியிருந்தாலும் அன்றிரவு நாங்கள் போனோம். அம்மாவுக்கு ஜூலை கடைசியிலேயே எல்லாம் திரும்பிவிட்டது. இது மறுபடி வருமா?

பட்டறைக்காரர், 17.09.2023

நூற்றில் ஏழு பேர் அளவில் வருகிறது. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது உங்கள் வீட்டுக்கே தெரியும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர், 25.02.2024

ஓமலூர்த் தம்பி இரவு போன் செய்தார். அண்ணனுக்கு ஆகஸ்ட்டில் கடி நரம்பைச் சேர்த்தார்கள், 15-ஆவது மாதம். ஐந்து மாதம் கன்னத்தில் ஒன்றுமே இல்லை, பணமும் போயிற்று என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. போன வாரம் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தவரின் உதட்டோரம் ஒரு துடிப்புத் துடித்ததைச் சாதம் போட வந்த அண்ணிதான் பார்த்திருக்கிறார். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, இன்னொரு முறுக்கைக் கொடுத்து இன்னொரு தடவை கடிக்கச் சொன்னாராம். மறுபடி துடித்தது.

தம்பி, போனில் சொல்ல மறந்தது: இனிமேல் முறுக்கு வேண்டாம், பலமாகக் கடிக்க விடாதீர்கள். கண்ணாடி முன்னால், மெதுவாக, ஒரு நெல் அளவு. மாதம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே நாற்காலியில் வைத்து வீடியோ எடுத்து வையுங்கள். தினம் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியாது.